கொக்கு மூன்று நாளாக வரவில்லை

அத்தியாயம் 7

"ஆள் உயரம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் காவல் நிலைய எழுத்தர்.

"முப்பது அடி" என்றேன்.

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டது காணாமல் போன மனிதரின் உயரத்தை. நான் சொன்னது அவருடைய ஆன்டெனாவின் உயரத்தை. எனக்குத் தெரிந்த ஒரே உயரம் அதுதான்.

"முகத்துல மச்சம், தழும்பு ஏதாவது?"

"முகத்தைப் பார்த்ததில்லைங்க."

"குரல்?"

"கேட்டதில்லை."

"எத்தனை நாள் பழக்கம்?"

"ஆறு வருஷம். தினமும் பேசுவோம்."

எழுத்தர் பேனாவை மூடினார். பக்கத்தில் நின்ற அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாடா போகலாம். இன்னும் ரெண்டு கேள்வி கேட்டார்னா உன்னையே உள்ள உட்கார வச்சிடுவார்."

நகரத்தின் முன்னணித் துப்பறிவாளர்களில் நானும் ஒருவன் என்று என் விசிட்டிங் கார்டு சொல்கிறது. கார்டில் என்ன எழுத வேண்டும் என்று சொன்னவன் நான். அக்கா என் உதவியாளர். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஒற்றைச் செருப்பைப் பார்த்தே அதன் சொந்தக்காரன் திரும்பி வருவானா மாட்டானா என்று சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்ற மறுநாள் என் ஆபீசுக்கு வந்து, "இங்க என்ன தொலைஞ்சிருக்கு?" என்று கேட்டாள். ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கஸ்டமர்" என்று அவளே பதிலும் சொன்னாள்.

எனக்கு ஹாம் ரேடியோ என்று ஒரு வியாதி உண்டு. முறைப்படி பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலியில் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. போனில் பேசினால் முடிந்துவிடும் விஷயத்தை, கம்பி கட்டி, கருவி செய்து, மோர்ஸ் தந்தியில் புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். என்ன பேசுவோம் என்று கேட்காதீர்கள். "உங்கள் சிக்னல் நன்றாகக் கேட்கிறது" என்று நான் சொல்வேன். "உங்களுடையதும்" என்று அவர் சொல்வார். இதைத்தான் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இதற்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. துணி அலமாரியில் கீழ்த்தட்டு எனக்கு. காலை ஆறரை முதல் ஏழு வரை மனைவி மிக்ஸி போடமாட்டாள், ஏனென்றால் மிக்ஸி ஓடினால் ரேடியோவில் மிக்ஸி மட்டும்தான் கேட்கும். பதிலுக்கு, கீழ்த்தட்டைத் தாண்டி ஒரு ஒயர் வெளியே வந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட அவளுக்கு முழு உரிமை உண்டு.

அந்த அரைமணி நேரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர் கூடுவோம். பூகோள டீச்சர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் எடுப்பது போலவே ஆஜர் எடுப்பார். எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். நான் மின்மினி. எனக்கு மிக நெருக்கமானவர் கொக்கு. கூப்பிட்டால் உடனே பதில் சொல்லமாட்டார், நிதானமாகக் காத்திருந்து சொல்வார். அதனால் அந்தப் பெயர்.

போன வருஷம் ஒரு நாள், வழக்கத்துக்கு மாறாக, கொக்கு சிக்னலைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசினார். "நான் தனி ஆள். ஒருநாள் நான் ஆஜர் சொல்லவில்லை என்றால் யாராவது வந்து கதவைத் தட்டுங்கள்." நான் தந்தியில் தட்டினேன்: "நான் வருவேன்." வாக்குக் கொடுத்தேனே தவிர, எந்தக் கதவு என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அவர் மூன்று நாளாக வரவில்லை. திங்கட்கிழமை காலை பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோனாராம். "போனாராம்" என்று நான் சொல்லக் காரணம், அன்று நான் ஆஜராகவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். செவ்வாய், புதன், இன்று வியாழன் என்று மூன்று காலையும் அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம்.

லைசென்ஸ் பட்டியலில் இருந்த விலாசத்துக்குக் காலையிலேயே போய்விட்டோம். ஊரின் மறுகோடி. அங்கே இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. "அவர் வீட்டைக் காலி பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் வரவேற்பில் இருந்த பெண். எங்கே போனார் என்று தெரியவில்லை. பட்டியலில் இருந்த பெயரோ ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். அதற்குப் பிறகுதான் காவல் நிலையம், முப்பது அடி எல்லாம்.

"மிச்சம் இருக்கிறது டீச்சர்தான்" என்றேன், ஸ்கூட்டரைக் கிளப்பியபடி.

பின்னால் ஏறி உட்கார்ந்த அக்கா என் வலது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கட்டு. "இது என்னடா?"

"இஸ்திரிப் பெட்டி சுட்டுடுச்சு."

"உன் சட்டையைப் பார்த்தா நீ இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரியே தெரியலையே" என்றாள் அக்கா. நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

*

பூகோள டீச்சர் எங்களை ஆசிரியர் அறையில் உலக உருண்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்தார். "மின்மினி சார் நீங்கதானா? உயரமா இருப்பீங்கன்னு நினைச்சிருந்தேன்" என்று வருத்தப்பட்டார்.

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, பார்க்கிற வரைக்கும்" என்றாள் அக்கா.

டீச்சர் எதையும் எழுதிவைப்பவர். தடிமனான நோட்டைப் புரட்டி, திங்கட்கிழமைப் பக்கத்தைக் காட்டினார். மணி 6.44. கொக்கு அனுப்பிய கடைசிச் செய்தி, எழுத்து எழுத்தாக:

*மேலே யாரோ நடக்கிறார்கள். எதையோ இழுக்கும் சத்தம். பொறுங்கள். நான் போய்ப் பா*

அவ்வளவுதான். அந்த 'பா'வுக்குப் பிறகு வெறும் இரைச்சல்.

தனியாக வாழும் மனிதர். மேலே யாரோ. பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. வேடிக்கை பேசிக்கொண்டே மூன்று நாளை ஓட்டிவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

"கொள்ளைக்காரனா இருக்குமோ?" என்றேன்.

அக்கா நோட்டின் ஓரத்தில் இருந்த சிறிய எழுத்துகளைக் காட்டினாள். "இது என்னம்மா?"

"சிக்னல் எப்படிக் கேக்குதுன்னு எல்லாரும் சொல்றதைக் குறிச்சு வைப்பேன். கொக்கு சாரோடது எப்பவுமே முனகல்தான். எனக்கும் சரி, மத்தவங்களுக்கும் சரி. காதைத் தீட்டிக்கிட்டுக் கேக்கணும்."

"முனகலா?" என்றேன். "எனக்குக் காது கிழியுமே! சத்தத்தைக் குறைச்சு வச்சுத்தான் கேப்பேன். ஊர்லயே பெரிய டிரான்ஸ்மிட்டர் அவர்கிட்டதான் இருக்குன்னுல்ல நினைச்சேன்!"

டீச்சர் என்னை அனுதாபத்துடன் பார்த்தார். அக்கா நோட்டை மூடி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. தொலைந்த குடையின் சொந்தக்காரன் யார் என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு அப்படித்தான் சிரிப்பு வரும்.

*

"எல்லாருக்கும் முனகல். உனக்கு மட்டும் காது கிழியுது. ஏன்?" அக்கா ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டாள்.

"என் ரிசீவர் அப்படி. நானே கட்டினது."

"நீயே கட்டின புத்தக அலமாரி என்னாச்சு?"

அது போன மாதம் விழுந்துவிட்டது. நான் வண்டியை ஓட்டினேன்.

"எப்பலேர்ந்துடா இப்படிக் கிழியுது? உன் நோட்டுல இருக்குமே, பாரு."

சாலையோரம் நிறுத்தி என் பதிவு நோட்டை எடுத்தேன். நாலு வருஷம் எனக்கும் முனகல்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று இடி. அன்று "உங்கள் புதிய ஆன்டெனா அபாரம்!" என்று வாழ்த்தியிருக்கிறேன். "நன்றி" என்று கொக்கு சொல்லியிருக்கிறார். பாராட்டினால் யார்தான் ஏன் என்று கேட்பார்கள்?

"பல் டாக்டர் எப்ப வந்தார்?" என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷத்துக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"வீடு மாறி உன் பக்கத்துல எங்கேயோ வந்துட்டார். அதான் காது கிழியுது. இதுக்கு விசிட்டிங் கார்டு எதுக்கு? சரி, இது என்ன, தினமும் 6.42க்கு 'தொய்வு, தொய்வு'ன்னு எழுதியிருக்கே?"

"அதுவா? தினமும் அந்த நேரத்துல அவர் சிக்னலோட சுருதி கொஞ்சம் இறங்கும். எட்டு நிமிஷம் கழிச்சு சரியாயிடும். அவர் கருவியில ஏதோ பாகம் பழுது. நான்தான் யோசனை சொல்லி மூணு பாகத்தை மாத்த வச்சேன். என்னோடது பேட்டரியில ஓடுது, இந்தக் கோளாறே கிடையாது."

"சரியாச்சா?"

"இல்லை. நாலாவதை இந்த வாரம் மாத்தறதா இருந்தார்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கரண்ட் இறங்கினா சுருதி இறங்கும், அவ்வளவுதானே? உங்க பில்டிங்ல தண்ணி மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவாங்க?"

"ஆறே முக்கால்... இல்ல, வாட்ச்மேன் கொஞ்சம் முன்னாடியே..." தலையைச் சொறிந்தேன். "அக்கா, ஊர்ல ஆயிரம் பில்டிங்ல மோட்டார் ஓடுது."

"ஓடட்டும். தொய்வே இல்லாத நாள் ஏதாவது இருக்கா?"

புரட்டினேன். இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள். போன மாதம் பதினேழாம் தேதி. அன்று, "தொய்வு இல்லை, என் யோசனை பலித்தது!" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன்.

"பதினேழாம் தேதி" என்றாள் அக்கா, விரலை நீட்டி. "அன்னிக்கு நீ குளிக்காம ஆபீஸ் வந்தே. உன் பக்கத்துல உட்கார முடியாம நான் ஜன்னலோரம் போனேன். ஏன் குளிக்கலைன்னு கேட்டதுக்கு என்னடா சொன்னே?"

"மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு" என்றேன். என் குரல் எனக்கே முனகலாகத்தான் கேட்டது.

ஆறு வருஷ நண்பர். இரண்டு வருஷமாக என் கட்டிடத்திலேயே இருக்கிறார். வானத்தைத் தொட்டுத் திரும்பி வருகிறது என்று நான் பெருமைப்பட்ட சிக்னல் மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தது.

"எந்த வீடு?" என்றேன்.

"அவரே சொல்லியிருக்காரே. மேல யாரோ நடக்கிறாங்கன்னு. மேல வீடு இருந்தா யாராவது நடக்கத்தானே செய்வாங்க? அதுக்கு எதுக்குப் பயம்? அவருக்கு மேல இருக்கிறது மொட்டை மாடி. கடைசி மாடியில யார் யார் இருக்காங்க?"

"ரெண்டு வீடு. ஒண்ணு பூட்டி ஒரு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு..." என்று இழுத்தேன்.

இன்னொன்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீடு. என் தலைக்கு நேர் மேலே. இரண்டு வருஷத்தில் எனக்கு நாலு நோட்டீஸ் அனுப்பியவர். ஜன்னலில் கம்பி நீட்டியதற்கு ஒன்று, பால்கனியில் நீட்டியதற்கு ஒன்று, டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று ஒன்று. நாலாவது போன மாதம் எல்லோருக்கும் வந்தது: மொட்டை மாடியில் யாரும் எந்தக் கம்பியும் கட்டக் கூடாது, அனுமதியில்லாத கம்பிகள் வெட்டி அகற்றப்படும், இப்படிக்கு, செயலாளர். பெயர் போடமாட்டார். அவருக்குப் பெயர் ஒன்று இருக்கும் என்று நானும் நினைத்ததில்லை. லிஃப்டில் சேர்ந்து போக நேர்ந்தால் இருவரும் மாடி எண் மாறுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

"கடைசியா அவரை எப்ப பார்த்தே?"

"ஞாயித்துக்கிழமை. மூணு நாளா கண்ணுலயே படலை. அப்பாடா, லிஃப்ட்ல நிம்மதியாப் போறோமேன்னு..."

அக்கா முதல் தடவையாகக் கிண்டல் செய்யவில்லை. "வண்டியை எடு" என்றாள்.

*

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாலு மாடியும் படியேறினேன். செயலாளர் வீட்டு வாசலில் பால் பாக்கெட் கூடை காலியாகத் தொங்கியது. காலி என்றால் யாரோ எடுக்கிறார்களா, யாரும் போடவில்லையா? துப்பறிவாளனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

காலிங் பெல் பழைய காலத்து பஸ்ஸர். அழுத்தும் வரை அடிக்கும், விட்டால் நிற்கும். கட்டுப்போட்ட விரலை வைத்தேன். விரல் அதன் பழக்கத்தில் போய்விட்டது. ரேடியோவில் என் அடையாளமான அழைப்புக் குறியைக் குட்டையும் நெட்டையுமாக முழுக்க அடித்து முடித்தபோதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

பதில் இல்லை. பத்து விநாடி. இருபது.

"உடைச்சிடலாமா?" என்றாள் அக்கா மெதுவாக.

"பொறு. அவர் எப்பவும் நிதானமாத்தான் பதில் சொல்வார்."

உள்ளே தரையில் ஏதோ தட்டுப்பட்டது. டக், டக். சிறிது இடைவெளி. மறுபடியும் டக், டக். நாங்கள் ஒவ்வொரு காலையும் விடைபெறும்போது தட்டும் அதே இரண்டு புள்ளி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அக்கா பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

கதவு திறந்தது. செயலாளர் நின்றார். கையில் ஊன்றுகோல், இடது கணுக்காலில் பெரிய கட்டு. என்னைப் பார்த்தார், பெல்லைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"கடைசிக் கோட்டை அளவுக்கு மேல இழுக்கிற பழக்கம் உலகத்துல ஒருத்தருக்குத்தான் உண்டு" என்றார். குரல் கரகரத்தது. "மின்மினி... நீங்களா?"

"வந்து கதவைத் தட்டுறேன்னு சொல்லியிருந்தேன்."

"மூணு நாள் ஆச்சு."

"வழியில கொஞ்சம் டிராஃபிக்" என்றாள் அக்கா.

உள்ளே சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், அவருடைய ரேடியோ இருந்தது. என்னுடையது வேட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது என்றேன். ஒருவரையொருவர் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் இருவரும் ரேடியோவையே பார்த்தோம்.

"திங்கட்கிழமை மேல யாரோ நடமாடுற சத்தம். என்னன்னு பார்க்கப் போறேன்னு தட்டிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள ரேடியோ செத்துப்போச்சு. என் கம்பியை யாரோ வெட்டிட்டாங்க. படியில ஓடினேன், கால் பிசகிடுச்சு. டாக்டர் பத்து நாள் அசையக் கூடாதுன்னுட்டார். வாட்ச்மேன்தான் பால் வாங்கித் தரார்."

"கம்பியா? கம்பியே கட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் போட்டது நீங்கதானே சார்?" என்றாள் அக்கா.

செயலாளர் தலையைக் குனிந்தார். "பக்கத்துல வேற கம்பி வந்தா என் ரேடியோவுல இரைச்சல் வரும்மா. அதுக்காகத்தான். என்னோடது பழைய டெலிபோன் ஒயர் மாதிரி இருக்கும், யாருக்கும் தெரியாது. இப்ப வெட்டிட்டாங்கன்னு புகாரும் குடுக்க முடியலை. குடுத்தா, கம்பி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே." அவர் என் பக்கம் திரும்பினார். "ஆனா கம்பியே இல்லாம உங்க சிக்னல் மட்டும் காது கிழியக் கேட்டுச்சு. 'கொக்கு, இருக்கீங்களா, கொக்கு'ன்னு மூணு நாளா கூப்பிட்டீங்க. பதில் சொல்ல வழியில்லாம இங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவர் டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு பெரிசுன்னு ஆச்சரியமாவும் இருந்துச்சு."

"அடடா" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் ஒரே அச்சு."

"மின்மினி, நீங்க துப்பறிவாளராச்சே. என் கம்பியை வெட்டின படுபாவி யாருன்னு கண்டுபிடிச்சுத் தரணும்."

"கண்டிப்பா" என்றேன் வீராவேசமாக. "திங்கட்கிழமை காலை 6.44க்கு மொட்டை மாடியில இருந்தவன் எவனோ, அவனை நான்..."

வாய் திறந்தபடியே நின்றது. அக்கா என் கட்டுப்போட்ட விரலை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடா" என்றாள் இனிமையாக. "இஸ்திரிப் பெட்டி எங்க சுட்டுச்சு? எத்தனை மணிக்கு?"

நான் கட்டியது துணிக்கொடி இல்லை. துணிக்கொடி வேஷம் போட்ட ஆன்டெனா. ஆறரை முதல் ஏழு வரை செயலாளர் வெளியே தலைகாட்டமாட்டார் என்று இரண்டு வருஷமாக நோட்டம் விட்டு, அந்த நேரமாகப் பார்த்து மேலே போனேன். அவர் ஏன் அந்த அரைமணி மட்டும் வெளியே வருவதில்லை என்று யோசிக்கவில்லை. குறுக்கே ஒரு பழைய டெலிபோன் ஒயர் இருந்தது. அனுமதியில்லாத கம்பிகள் வெட்டி அகற்றப்படும் என்று செயலாளரே சொல்லியிருக்கிறாரே என்று குறட்டால் ஒரே வெட்டு. வெட்டிய முனை விரலில் பட்டுச் சுரீர் என்று சுட்டது. டெலிபோன் ஒயர் சுடாது. தந்தி தட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவின் முனைதான் சுடும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன்.

"அந்த 'பா'வுக்கு அப்புறம் வரவேண்டிய எழுத்து" என்றேன், விரலை நீட்டி, "இதோ, இங்க இருக்கு. மன்னிச்சிடுங்க. உங்க கால் பிசகினது என்னாலதான்."

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை இழுப்பறையிலிருந்து நோட்டீஸ் தாள் ஒன்றை எடுத்தார். ஐந்தாவது நோட்டீஸ் என்று நினைத்து நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். எழுதிக் கொடுத்தார். *மொட்டை மாடியில் ஒரே ஒரு துணிக்கொடிக்கு அனுமதி உண்டு. இப்படிக்கு, செயலாளர்.* அதன் கீழே முதல் முறையாகத் தன் பெயரையும் போட்டிருந்தார்.

மறுநாள் ஆறரைக்கு அவர் வீட்டுச் சமையலறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். துணிக்கொடி ஒன்று, ரேடியோ ஒன்று, தந்தி தட்டும் மோர்ஸ் கீ ஒன்று. கீழே என் வீட்டில் ஆறு வருஷத்தில் முதல் முறையாக அந்த நேரத்தில் மிக்ஸி ஓடியது. டீச்சர் ஆஜர் எடுத்தார். "கொக்கு?" அவர் நிதானமாகக் காத்திருந்து பதில் தட்டிவிட்டு, கீயை என் பக்கம் தள்ளினார். "மின்மினி?" நான் தட்டினேன். இருவரின் சிக்னலும் இன்று ஒரே மாதிரி முனகலாகக் கேட்கிறது, 6.42 முதல் இருவருக்கும் தொய்வு, என்ன கோளாறு என்று டீச்சர் கேட்டார். நாங்கள் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்ததும் பழக்க தோஷத்தில் அவருக்கு ஒரு வரி தட்டினேன். உங்கள் சிக்னல் நன்றாகக் கேட்கிறது.

செயலாளர் கீயை எடுக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, "உங்களோடதும்" என்று வாயால் சொன்னார்.